முக்கால் நொடியின் பெருமை

"மெய்நிகர் வலையமைப்புச் செயற்பாடுகளை நிறுவுவதில் தொலைநோக்குள்ள தலைவர். நெருக்கடி நேரத்தில் மின்னல் வேகத்தில் முடிவெடுப்பவர். எல்லாத் தரப்பினருடனும் இடையறாத உரையாடலைப் பேணி, பெரும் குழுவை முன்னின்று நடத்திச் செல்பவர்."

கம்பெனியின் ஒப்பந்த ஆவணத்தில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. புகைப்படத்தில் இருப்பவருக்கு ஆபீசில் வைத்த பெயர் நிதானம். காலையில் எந்தச் சட்டை என்று முடிவெடுக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆசாமி. அவர் முன்னின்று நடத்திய பெரும் குழுவில் அவரும் ஒரு சுழல் நாற்காலியும் இருந்தார்கள். நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. இடையறாத உரையாடலைப் பற்றிச் சொல்வதென்றால், ஊரார் பேசும் போன் அழைப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்கிய இந்த மனிதர், தன் போன் அடித்தால் எடுக்க மாட்டார். அது அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்ந்த பிறகு, "கூப்பிட்டீங்களா?" என்று ஒரு செய்தி அனுப்புவார்.

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் கிடைக்க வேண்டுமானால் இப்படியொரு தலைவர் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்று விதி. வர்ணனையை முதலில் எழுதிவிட்டார்கள். ஆளை அப்புறம் தேடினார்கள். ஆள் கிடைத்ததும் வர்ணனையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தது. ஆளுக்கு ஒப்புதல் வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது பன்னிரண்டு வருஷமாகியும் தனக்குப் புரியவில்லை என்று அவர் மனைவி சொல்வார். புரிந்துகொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அழைப்பவர் யார் என்று பார்க்க ஒன்று, அழைப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்ல ஒன்று. இப்போது அந்த அலமாரிகளின் மூளையை மட்டும் உருவி மென்பொருளாக்கிவிட்டார்கள். சாதாரண சர்வர் எதுவானாலும் அதற்குள் புகுந்து அது வேலை பார்க்கும். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தைதான். முற்காலத்தில் காட்டில் உட்கார்ந்து உடம்பை வருத்தினவர்களுக்குக் கிடைத்தது, இப்போது டெம்ப்ளேட் நிரப்பத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது. டெம்ப்ளேட் என்பது ஒரு கோப்பு. எத்தனை பிரதி வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று மென்பொருளின் சார்பில் இயந்திரங்களிடம் கொடுக்கும் விண்ணப்பம். நிதானம் அந்த விண்ணப்பத்தை எழுதுகிறவர்.

முக்கியமான மென்பொருள் எதையும் தனியாக விடுவதில்லை. இரண்டு பிரதிகள். ஒன்று வேலை பார்க்கும். மற்றது அது வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லா ஆபீசிலும் இதே ஏற்பாடுதான் என்றாலும் இங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. முதலாவது விழுந்தால் இரண்டாவது எழுந்து அதன் இடத்தைப் பிடிக்கும். ஒரே நிபந்தனை: இரண்டும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது. இருந்தால், சர்வர் படுக்கிற அன்று இரண்டும் சேர்ந்தே படுக்கும். நிதானம் நிறுவியது அழைப்புகளுக்கு வழிசொல்லும் மென்பொருள். அது ஓடும் ஊரில் மூன்று லட்சம் பேர் அதை நம்பித்தான் பேச வேண்டும். வேலை கிடைத்ததைச் சொல்லக் கூப்பிடுகிறவரும் அதில் அடக்கம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவரும் அடக்கம்.

திட்ட மேலாளர் நிதானத்தின் தங்கை கணவர். இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வீட்டில் நிதானம் மூத்தவர், பெண் கொடுத்த வீட்டுக்காரர். ஆபீசில் மாப்பிள்ளை மேலதிகாரி. இருவரும் பேசாமலே ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆபீசில் ஒருவருக்கொருவர் 'சார்'. லிஃப்ட் தரைத்தளத்தைத் தொட்டதும் ஒருவர் 'மச்சான்', மற்றவர் 'மாப்பிள்ளை'. ஆபீஸ் நேரத்தில் மாப்பிள்ளையின் வாயிலிருந்து 'மச்சான்' வந்தால், விதிக்குப் புறம்பான ஏதோ ஒன்று பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படித்தான் வந்தது. சோதனைக்கூடம் என்று பெயர் வைத்திருந்த அறை அதற்கு முன்பு சாப்பாட்டு அறையாக இருந்தது. கை கழுவும் தொட்டியைப் பெயர்த்தெடுக்க யாரும் மெனக்கெடவில்லை. 'உங்கள் தட்டை நீங்களே கழுவவும்' என்ற அறிவிப்பின் கீழே ஒரே ஒரு சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வாடிக்கையாளர் தரப்பில் ஆறு பேர் வந்து பார்ப்பதாக இருந்தது. முதல் பிரதி ஓடியது. இரண்டாவது, தனக்கு வேறு சர்வர் வேண்டும் என்று அடம்பிடித்து நின்றது. டெம்ப்ளேட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "அந்த ஒரு வரிய மட்டும் கொஞ்ச நேரம் மூடி வைங்க."

"மூடினா ரெண்டும் ஒண்ணாவே உட்கார்ந்துக்கும் சார்."

"உட்காரட்டுமே. பஸ்ல ரெண்டு பேர் சீட்டுல மூணு பேர் உட்கார்றதில்லையா? ஒரு மத்தியானம்தானே."

வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும். இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். நிதானம் குறியைப் போட்டார். பக்கத்தில் 'தற்காலிகம்' என்றும் எழுதினார். அந்தத் தொழிலில் நிரந்தரத்துக்கு அதுதான் பெயர்.

வந்தவர்கள் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். கோப்பு அங்கிருந்து வளர்ந்தது. 'இறுதி' ஆயிற்று, 'இறுதி இரண்டு' ஆயிற்று, 'உண்மையான இறுதி' ஆயிற்று. உண்மையான இறுதியை வைத்துத்தான் ஊருக்கான மென்பொருளை நிறுவினார்கள். அங்கே ஆறு சர்வர்கள் இருந்தன. ஆறு இருந்தும் இரண்டு பிரதிகளும் ஒன்றிலேயே போய் உட்கார்ந்தன. இடம் பங்கிடும் மென்பொருளுக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது, எங்கே காலியோ அங்கே போடும். தடுக்க வேண்டிய வரி தூங்கிக்கொண்டிருந்தது.

சோதனை நடந்தது. முதல் பிரதியை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். கம்பெனி நிறுவிய மற்ற ஊர்களின் தளங்களில் இரண்டாவது எழுந்து நிற்க நான்கு நொடி ஆகும். வெளியே இருக்கிற கருவிகளுக்கெல்லாம் 'வீடு மாறிவிட்டோம், இனி இந்த முகவரி' என்று சொல்லியாக வேண்டும், அதற்கே மூன்று நொடி போய்விடும். இங்கே முக்கால் நொடியில் எழுந்தது. வீடே மாறாதவர்களுக்கு முகவரி சொல்லும் வேலை ஏது? ஆனால் அன்று யாரும் அப்படி யோசிக்கவில்லை. கைதட்டினார்கள்.

ஏற்புப் படிவத்தில் இருபது வரிகள். பதினோராவது வரி: 'இரு பிரதிகளும் வெவ்வேறு சர்வர்களில் இயங்குகின்றனவா? ஆம் / இல்லை.' எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் நிதானம். அன்று கீழே மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தங்கை மகளின் பள்ளிக்கூட நாடகம் நாலரைக்கு. குழந்தை அதில் மரமாக நிற்கிறாள். மாமா வராமல் மரம் மேடையேறாது என்று காலையிலேயே சொல்லிவிட்டது. 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, கையெழுத்திட்டு, படியிறங்கி ஓடினார். அவர் வாழ்நாளில் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான். மரம் நன்றாகவே நின்றது.

அதன் பிறகு முக்கால் நொடி ஊர் ஊராகப் போயிற்று. மாப்பிள்ளை அதைப் பெரிய எழுத்தில் ஒரு ஸ்லைடாகப் போட்டார். தலைமை அலுவலகம் அந்தத் தளத்தை முன்மாதிரித் தளம் என்றது. மண்டலத் தலைவர் பதவி காலியாக இருந்தது. மாப்பிள்ளைக்குத்தான் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அந்த ஊரின் பழைய எக்ஸ்சேஞ்சை ஒரு வியாழக்கிழமை அணைப்பதாக இருந்தது. அந்தக் காரியம் நல்லபடியாக முடிந்தால் வெள்ளிக்கிழமை அறிவிப்பு. தங்கை அதை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ரகசியமாகச் சொல்லி முடித்திருந்தாள்.

அந்த வியாழனுக்கு ஐந்து நாள் முன்னால், இன்னோர் ஊரின் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியவர் அங்கே இதே வேலை செய்கிற பெண்மணி. நேரில் பார்த்ததில்லை.

"சார், முக்கால் நொடி எப்படி வந்துச்சு? எங்க மேனேஜர் தினமும் உங்க ஸ்லைடைக் காட்டித்தான் எங்களைத் திட்டறார். உங்க டெம்ப்ளேட்டைக் கொஞ்சம் அனுப்பி வைங்க, புண்ணியமாப் போகும்."

விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குகிறவரைப் போல, அனுப்புமுன் கோப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார் நிதானம். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஹேஷ் குறியும் 'தற்காலிகம்' என்ற சொல்லும் கண்ணில் பட்டன. ஏதோ பழைய பிரதி கைக்கு வந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படித் தோன்றியதே தவிர, அது பழைய பிரதிதானா என்று போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் அவருடைய சுபாவம். பார்க்காமல் இருப்பதற்கு அன்று தனியாக முயற்சி செய்ய வேண்டியிருந்தது. குறியை எடுத்துவிட்டு, திருத்திய கோப்பை அனுப்பினார்.

திங்கட்கிழமை மத்தியானம் பதில் வந்தது.

"உங்க டெம்ப்ளேட்டை அப்படியே போட்டோம் சார். எங்களுக்கு அதே நாலு நொடிதான். ரெண்டையும் ஒரே மிஷின்ல வச்சிருக்கீங்களா என்ன? ஹா ஹா ஹா."

மூன்று 'ஹா'வையும் படித்துவிட்டு அவர் ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் இரண்டு வரிகள் வந்தன. பிரதி ஒன்று, சர்வர் மூன்று. பிரதி இரண்டு, சர்வர் மூன்று. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணி வரை ஆபத்தில்லை. புதியது விழுந்தால் அழைப்புகள் தானாகப் பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பதினொரு மணிக்கு அதை அணைத்து, கழற்றி, லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அந்த ஊரின் பேச்சு மொத்தமும் மூன்றாம் நம்பர் சர்வரின் ஆயுசைப் பொறுத்தது. இரண்டாவது பிரதியை வேறு சர்வருக்கு இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் பிறப்பிக்க வேண்டும். புதிதாகப் பிறந்ததற்குப் புது லைசென்ஸ் வேண்டும். விற்ற கம்பெனி அதை அனுப்ப மூன்று வாரம் ஆகும். பிறகு சோதனை, படிவம், கையெழுத்து எல்லாம் முதலிலிருந்து.

அன்று சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை சாவியைத் திருகப் போனார்.

"மாப்பிள்ளை, வண்டிய எடுக்காதீங்க. ஒரு விஷயம் இருக்கு."

நிதானம் தானாக ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்வது அபூர்வம். மாப்பிள்ளை சாவியிலிருந்து கையை எடுத்தார். முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கெட்டிக்காரர்; அரை நிமிஷத்தில் தேறிவிட்டார்.

"உங்களை யார் மச்சான் இப்ப போய்ப் பார்க்கச் சொன்னது?"

"அந்தம்மா கேட்டாங்க."

"அந்தம்மா விளையாட்டுக்குக் கேட்டிருக்காங்க. நீங்க வினையாப் பார்த்திருக்கீங்க." ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். "சரி. மூணு வாரத்துல ஒரு சர்வர் படுக்க எவ்வளவு வாய்ப்பு? நீங்க கணக்குப் போட்டிருப்பீங்களே."

"ஆயிரத்துல ரெண்டு."

"பார்த்தீங்களா! தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு நம்ம பக்கம்."

"ரெண்டு அவங்க பக்கம்."

"யார் அவங்க?"

"போன் பண்றவங்க."

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "மச்சான், நான் தப்பு பண்ணச் சொல்லல. வியாழக்கிழமை முடியட்டும்னு சொல்றேன். லைசென்ஸ் வந்ததும் சத்தமில்லாம ஒண்ணை அழிச்சு வேற சர்வர்ல எழுப்பிடுவோம். யாருக்கும் வலிக்காது. இப்ப வாயைத் திறந்தா லாரி நிக்கும், எக்ஸ்சேஞ்ச் மேடம் நிப்பாங்க, தலைமை அலுவலகம் நிக்கும். எல்லாரும் நின்னு என்னைப் பார்ப்பாங்க."

"படிவத்துல என் கையெழுத்து இருக்கு."

"அதையேதான் நானும் சொல்றேன். உங்க கையெழுத்து. என்னோடது இல்ல." சொன்ன பிறகு அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களைக் காப்பாத்தத்தான் மச்சான் சொல்றேன்."

"பார்த்துச் சொல்றேன்," என்றார் நிதானம். காலிலிருந்து தலை வரை கலங்கிப் போயிருக்கும்போதும் அவர் வாயில் வருவது அதுதான்.

மறுநாள் சாயங்காலம் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்தபோது, அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே துண்டை நான்காவது தடவையாக மடிப்பதைக் கதவருகே நின்று பார்த்தார் மனைவி.

"அந்தத் துண்டு உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வேலை மனைவிக்கு முழுசாகப் புரிந்தது.

"உங்களுக்கு வேலை போகுமா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ஒப்பந்தம்தானே. புதுப்பிக்க மாட்டாங்க."

"மாப்பிள்ளைக்கு?"

"பதவி வராது."

"உங்க தங்கச்சி?"

"கோபப்படுவா."

"அப்ப வேலை போறதே தேவலை." மனைவி துண்டை வாங்கி மடித்து வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. சொன்னா, நாளைக்கு 'நீ சொன்னதாலதான்'னு என் தலையில விடியும். எது பண்ணாலும் நீங்களே பண்ணதா இருக்கட்டும்."

"உனக்கு என்ன தோணுது?"

"பார்த்துச் சொல்றேன்," என்றார் மனைவி.

புதன்கிழமை அவர் வீரம் எதுவும் காட்டவில்லை. எக்ஸ்சேஞ்ச் பொறுப்பாளருக்கு நான்கு மின்னஞ்சல்கள் தொடங்கினார். நான்கும் 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்பதைத் தாண்டவில்லை. அடுத்ததாக, வியாழக்கிழமை காய்ச்சல் என்று விடுப்பு எழுதினார். நேர்மையான மனிதராதலால், அனுப்புவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். உடம்பில் சூடு துளியும் இல்லை. அந்தப் பெண்மணியே தன் மேனேஜரிடம் விளையாட்டாக இதைச் சொல்லி, அவர் வினையாக எடுத்துக்கொண்டு, எல்லாம் தான் வாய் திறக்காமலே வெளியே வந்துவிடாதா என்றும் ஆசைப்பட்டார். நாள் முழுக்க மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். கார் நிறுத்துமிடத்துக்கான புது விதிகள் மட்டும் வந்திருந்தன.

தங்கை அன்று ஏழு தடவை போன் செய்தாள். எட்டாவது தடவை நேரிலேயே வந்துவிட்டாள்.

"போன் எதுக்கு அண்ணா வச்சிருக்க? அழகு பார்க்கவா?"

"கூப்பிட்டியா?"

"பண்றதையும் பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு!" செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அவர் ரெண்டு நாளாத் தூங்கல, தெரியுமா?"

"நானும்தான்."

"நீ தூங்காம இருக்கறது உன் சுபாவம். அவர் தூங்காம இருக்கறது உன்னால." பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "உன்னை வேலையில சேர்த்துவிட்டது யாரு? மூணு வருஷம் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தியே, அப்ப ஒரு தடவையாவது அவர் உன்னைக் குத்திக் காட்டியிருப்பாரா?"

"இல்ல. தங்கமான மனுஷன்."

"அப்ப எதுக்கு அந்தத் தங்கத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில போடறே?"

மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். தங்கை அதைத் தொடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மிஷின் மூணு வாரத்துல கெட்டுப் போகாதுன்னு நீயே சொன்னியாம்ல?"

"அநேகமாப் போகாது."

"போகலைன்னு வச்சுக்கோ. மூணு வாரம் கழிச்சு ஊர்ல எல்லாரும் நல்லா இருப்பாங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. அப்ப நீ எங்களுக்குப் பண்ணது மட்டும்தான் மிச்சம் இருக்கும். யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"நீ சொல்றது சரிதான்."

"சரின்னா?"

அவர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். தங்கை எழுந்தாள். வாசலில் திரும்பி, "போறேன்," என்றாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் அவள் அந்த வீட்டுப் படியிறங்கியது அதுவே முதல் தடவை. டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்தது ஜன்னலில்லாத ஒரு நீள அறை. ஆளுயர அலமாரிகள் நான்கு வரிசை, நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குச் சந்து. பொறுப்பாளர் அம்மையாருக்கு அந்த இயந்திரத்தின் மேல் எந்தப் பாசமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் அது கெட்ட நேரம் பார்த்துக் கெட்டிருந்தது. அவருடைய விடுமுறைகளைத் தின்றிருந்தது. அது போன பிறகு தன் மேஜையை எங்கே போடுவது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்திருந்தார். வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொண்டுவந்திருந்தார். வெளியே லாரி நின்றது. சுமையாட்கள் படியில் உட்கார்ந்து தங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்து ஐம்பது. கையெழுத்தான படிவங்கள் அடங்கிய நீல ஃபைலை அம்மையார் கக்கத்தில் இடுக்கியிருந்தார். யாரும் இனி எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எல்லாம் முன்பே முடிந்தவை. சுவிட்சின் மேல் கையை வைத்தார்.

"இந்தப் பிசாசை அணைக்க இருபத்திரண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன். அணைக்கறதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணுமா?"

அது ஒரு சம்பிரதாயக் கேள்வி. மாப்பிள்ளை சிரித்தார். "ஒண்ணும் இல்ல மேடம். தாராளமா அணைங்க."

சந்துக்குள் பக்கவாட்டில் நின்றிருந்த நிதானம், பள்ளிக்கூடப் பையனைப் போல ஒரு விரலைத் தூக்கினார்.

"மேடம், அந்த ஃபைலைக் கொஞ்சம் குடுங்க."

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. ஆபீஸ் நேரத்தில், வாடிக்கையாளர் முன்னால், சத்தமாக. அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபைலை நீட்டினார்.

அன்று லாரி காலியாகத் திரும்பியது. பழைய எக்ஸ்சேஞ்ச் இன்னும் இருபத்துநான்கு நாள் ஓடிற்று. கடைசி வாரத்தில் மூன்று தடவை கெட்டது. அந்த மூன்று தடவையும் அம்மையார் இயந்திரத்தைத் திட்டவில்லை, நிதானத்தைத் திட்டினார். லைசென்ஸ் வந்தது. இரண்டாவது பிரதி ஐந்தாம் நம்பர் சர்வரில் பிறந்தது. முக்கால் நொடி நான்கு நொடியாயிற்று. ஸ்லைடு காணாமல் போயிற்று. மண்டலத் தலைவர் பதவி, அந்த ஸ்லைடைக் காட்டித் தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்த மேனேஜருக்குப் போயிற்று. நிதானத்தின் ஒப்பந்தம் அடுத்த தடவை புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஒரு கிடங்கில் கேமராக்களைப் பராமரிக்கிறார். மாப்பிள்ளை வழியில் பார்த்தால் தலையசைக்கிறார், நின்று பேசுவதில்லை. தங்கை தலையசைப்பதும் இல்லை. மரமாக நின்ற பெண்ணுக்கு இப்போது சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று மூன்றாமவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நம்பர் சர்வர் அந்த இருபத்துநான்கு நாளும் இம்மி பிசகாமல் ஓடியது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை சொன்னபடியே நடந்தது: ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய எக்ஸ்சேஞ்சை அன்றே அணைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இது நிதானத்துக்கும் தெரியும். சில நாட்களில், அந்த சர்வர் ஒரு தடவையாவது படுத்திருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றும். தோன்றியதும் அதற்காக வெட்கப்படுவார்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அவர் அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசினார் என்று ஆபீசில் சொல்கிறார்கள். அவர் அரை நிமிஷம் தொடர்ந்து பேசிக் கேட்டவர்கள் அங்கே யாரும் இல்லை. தங்கை புருஷன் மேலே போவது பொறுக்காமல் செய்தார் என்பது உறவில் ஒரு பாதியின் தீர்ப்பு. மறுபாதி, அவருக்கு அன்று உண்மையிலேயே காய்ச்சல் என்கிறது. கம்பெனியின் அறிக்கையில், 'எங்களது முன்னெச்சரிக்கைத் தர நடைமுறையின் மூலம் ஒரு முரண்பாடு உரிய நேரத்தில் இனங்காணப்பட்டது' என்று இருக்கிறது. ஆள் பேர் இல்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். பத்து ஐம்பத்திரண்டுக்கு ஃபைலை வாங்கி, பதினோராம் வரியில் 'ஆம்' என்பதைச் சுற்றித் தான் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டு, 'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதி, கையெழுத்திட்டு, ஃபைலை அம்மையாரிடம் திருப்பிக் கொடுத்தார்.